மைக்ரோவேவில் வெந்த வேப்பஞ்சிமிழ்

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு என் மனைவியின் அண்ணன் கொடுத்தது. பெரம்பலூரில் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று குத்துவிளக்கு, எவர்சில்வர் அண்டா இவற்றோடு அதுவும் சீர்வரிசையில் வந்து இறங்கியது. வந்த நாளிலிருந்து அதற்குக் கிடைத்த மரியாதை அந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை. மேலே பூப்போட்ட உறை, கைப்பிடியைத் துடைக்கத் தனியாக ஒரு துண்டு, வெள்ளிக்கிழமையானால் நெற்றியில் குங்குமப் பொட்டு. ஆனால் அது பார்த்த வேலை பால் சுடவைப்பது ஒன்றுதான். மீதி நேரமெல்லாம் பிரெட் பாக்கெட்டை எறும்பிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்குள் நான் ஒருநாள் பச்சை வேப்பங்கட்டையை வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்பதற்கு நான் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. சுண்ணாம்புக்கல் மாதிரி வரும். பொடித்து, எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போடுவோம். எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டு தடவை ஒரே எடை காட்டினால் ஈரம் போய்விட்டது, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். இருபது வருஷமாக இதையே செய்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் அதில் எத்தனை சதவீதம் ஈரம் என்றுதான் புத்தி போகும். ஒருநாள் காலையில், "இட்லி கொஞ்சம் காஞ்சாப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டேன். "அப்ப எடை போட்டு எழுதிக்குங்க" என்று மனைவி தட்டை இழுத்துக்கொண்டாள்.

போன வருஷம் மேசைமேல் வைத்து மரம் கடைகிற சின்ன லேத் ஒன்றை வரவழைத்தேன். செல்போனில் ஒரு வெளிநாட்டுக்காரர் கிண்ணம் கடைவதைப் பார்த்ததால் வந்த வினை. அவர் உளியை வைத்தால் மரம் நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தது. நான் வைத்தால் மரம் மெஷினைவிட்டுக் கிளம்பி மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டி வரைக்கும் போய்வந்தது. இரண்டு மூன்று மாதத்தில் ஒருவழியாகக் கை படிந்தது. பம்பரம், மத்து, பேனா வைக்கிற குவளை என்று கடைய ஆரம்பித்தேன்.

மரத்துக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் கரண்டு கம்பியில் உரசுகிற வேப்பங்கிளைகளை வெட்டித் தெருவோரம் போட்டுவிட்டுப் போவார்கள். நான் ஸ்கூட்டரில் போய் அள்ளிவருவேன். பிரச்சினை, அதெல்லாம் பச்சை மரம். அழகாகக் கடைந்து, மெழுகு பூசி, ஹால் அலமாரியில் வைப்பேன். மூன்றாம் நாள் நான்காம் நாள் ஈரம் வற்ற வற்ற ஒவ்வொன்றாக வெடிக்கும். அதுவும் சீரியலில் முக்கியமான கட்டம் பார்த்துத்தான் அலமாரியிலிருந்து 'டப்' என்று சத்தம் வரும். மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உங்க கிண்ணம் போயிடுச்சுங்க" என்பாள்.

இப்படி அலமாரி வெடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் தா.பழூரில் இருக்கும் என் தங்கை போன் செய்தாள். அவளுடைய இரண்டாவது பெண்ணுக்குப் பதினோராம் மாதம் நடக்கிறது, ஐப்பசியில் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காதுகுத்து.

"அண்ணே, இந்தத் தடவை உன் மடியிலதான் புள்ளைய உக்கார வைக்கணும். சாக்குபோக்கு சொன்ன, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. மூத்தவளுக்குக் காதுகுத்தியபோது தாய்மாமனான நான் போகவில்லை. அன்றைக்குக் காலை ஷிப்டில் எனக்கு மாற்றாக வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். கிளம்பவில்லை. தூரத்து உறவில் யாரோ ஒருவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்தினார்கள். மூத்தவளுக்கு இப்போது ஏழு வயது. நான் போகும்போதெல்லாம் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த மடிக்காரரைக் காட்டி, "மாமா, இது யாரு?" என்று கேட்பாள். அவர் பெயர் எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த வெட்கம்தான் என் வாயைத் திறந்துவிட்டது. "மடி மட்டுமில்ல. கம்மலை நகைக்கடை டப்பாவுலயா கொண்டாருவேன்? என் கையால கடைஞ்ச சிமிழ்ல வச்சுக் கொண்டாரேன் பாரு" என்றேன்.

போனுக்குப் பின்னாலிருந்து தங்கை வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "மச்சான், அந்த வெடிக்கிற மரமா?" போன பொங்கலுக்கு நான் கொடுத்த மத்து அவர் வீட்டு மோருக்குள்ளேயே இரண்டாகப் பிளந்திருந்தது. அதை அவர் தா.பழூர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

"வெடிக்காது மாப்ள, இது வேற" என்றேன். எது வேறு என்று அப்போது எனக்கே தெரியாது.

காதுகுத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. பச்சை மரம் நிழலில் தானாகக் காய்வதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடும். வழி தேடியபோதுதான் மைக்ரோவேவ் முறை தெரியவந்தது. கைக்குள் அடங்குகிற சின்னக் கட்டையாக அறுத்துக்கொள்ள வேண்டும். குறைந்த சூட்டில் இரண்டு நிமிஷம் வைக்க வேண்டும். வெளியே எடுத்து நன்றாக ஆறவிட்டு எடை போட வேண்டும். மறுபடி இரண்டு நிமிஷம். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது மரம் காய்ந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இது என் உத்தியோகம். இருபது வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததை வீட்டில் சும்மா செய்யச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

குறைந்த சூடு என்று போட்டிருந்ததை நான் மதிக்கவில்லை. ஆய்வகத்து அடுப்பைப் பார்த்தவனுக்கு இந்தப் பால் காய்ச்சும் பெட்டி என்ன பெரிசு? மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் முழுச்சூட்டில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். மூன்றாவது நிமிஷம் வாசனை வந்தது. நான்காவது நிமிஷம் புகை வந்தது. கதவைத் திறந்தால் கட்டை வெளியே பார்க்க ஒன்றும் ஆகாததுபோல உட்கார்ந்திருந்தது. அறுத்துப் பார்த்தால் நடுவில் கரி. வெளியே நல்லவனாகவும் உள்ளே வெந்துபோயும் இருக்க மரத்தால்கூட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வேப்பம்புகை சமையலறை, ஹால், மாடி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "சார், கொசுவுக்குப் போட்டீங்களா? எங்க வூட்டுல ஒண்ணுகூட இல்ல. வாரம் ஒரு தடவை போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலிலிருந்து வந்தவள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். நேராக மைக்ரோவேவிடம் போனாள். கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்து, மூடினாள். அதன் நெற்றிப் பொட்டு புகையில் கறுத்திருந்ததைத் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு வைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு நாள் கழித்து வந்தது. மைக்ரோவேவ் கொடுத்த அண்ணனே வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்குக் காபி போட மனைவி பாலை அதில் சுடவைத்தாள். எலுமிச்சை, சோடா உப்பு, வினிகர் எல்லாம் போட்டுத் துடைத்திருந்தோம். ஆனாலும் வேப்பமரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவர் ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தன் தங்கை கொடுத்த காபியைக் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கடைசி வரை குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தார்.

"என்னம்மா போட்டிருக்க? கசக்குதே. சுகருக்கா?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே, சுகருக்குத்தான்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக அவள் சொன்ன பெரிய பொய் அதுதான். அதற்கப்புறம் அவர் எப்போது வந்தாலும், "அந்தக் காபியே குடும்மா, ஒடம்புக்கு நல்லாத்தான் இருக்கு" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

அன்று மாலை மனைவி சமாதான ஒப்பந்தம் போட்டாள். மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் மைக்ரோவேவ் எனக்கு. கட்டையைப் பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் உள்ளே வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து நானே துடைக்க வேண்டும். இன்னொரு தடவை புகை வந்தால் லேத் மெஷின் பூலாம்பாடியில் இருக்கும் அவள் சித்தப்பா மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடும். "புள்ளை காதுகுத்துக்குன்னுதான் விடுறேன்" என்றாள். அது எனக்குப் போதும்.

காலை ஷிப்டு முடிந்து வந்து தினமும் மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். ஐந்து கட்டைகளில் எண் எழுதிக்கொண்டேன். உறைந்ததை இளக்கும் பொத்தான் ஒன்று அதில் இருந்தது, எங்கள் வீட்டில் யாரும் தொட்டதே இல்லை. அதுதான் குறைந்த சூடு. இரண்டு நிமிஷம் வைத்து, எடுத்து, மின்விசிறிக்குக் கீழே இருபது நிமிஷம் ஆறப்போடுவேன். ஆன்லைனில் வாங்கிய சின்னத் தராசில் எடை போட்டு, கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், எடை என்று எழுதுவேன். செய்தித்தாள் ஈரத்தில் நனைந்து வெளியே வரும். முந்தின நாள் ராசிபலன் கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றாம் எண் வெடித்தது. நான்காம் எண் வளைந்தது. இரண்டும் ஐந்தும் நடுவில் விரிந்தன. மூன்றாம் எண் மட்டும் ஒன்றும் ஆகாமல், சொன்ன பேச்சைக் கேட்டுக் காய்ந்துகொண்டே வந்தது. பத்தாம் நாள் இரண்டு தடவை ஒரே எடை காட்டியது. எனக்கு ஒரு சந்தேகம், மூன்றாம் தடவையும் போட்டேன். அதே எடை. நோட்டில் கையெழுத்தே போட்டுவிட்டேன்.

சந்தோஷம் தாங்காமல் தங்கை வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் நெல் விவசாயி. கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோய், கருவியை மூட்டைக்குள் குத்தி ஈரம் பார்ப்பதை வருஷாவருஷம் கண்டவர்.

"மச்சான், எத்தனை பர்சென்ட்டுக்குக் கொண்டாந்தீங்க?" என்று கேட்டார்.

"ஜீரோ மாப்ள. ஒரு சொட்டு ஈரம் கெடையாது."

"ஜீரோவா?" என்றார். "நெல்லையே நாங்க அப்படிக் காயவிட மாட்டோங்க. ரொம்பக் காஞ்சா அரவைக்குப் போறப்ப நொய்யாயிடும். கொஞ்சம் ஈரம் நிக்கணும். அதுவும் ஐப்பசி மழையில எங்க ஊருக்குக் கொண்டாறீங்க."

"மாப்ள, இது மரம். நெல்லு இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். படித்த ஆய்வகக்காரனுக்கு வயல்காட்டிலிருந்து பாடமா என்று ஒரு எரிச்சல். இப்போது நினைத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் எண்ணிலிருந்து சிமிழ் வந்தது. கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே சின்னக் கும்பம் வைத்த மூடி. இளஞ்சிவப்பில் ரேகை ஓடியது. மூடியை நூலிழை நூலிழையாகக் கடைந்து பொருத்தினேன். அழுத்தினால் மெத்தென்று இறங்கும். இழுத்தால் காற்றோடு 'பொக்' என்று வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் ஒவ்வொருவர் காதருகிலும் திறந்து காட்டினேன். மேலதிகாரி இரண்டு தடவை கேட்டார். மனைவியே வாங்கிப் பார்த்து, "பரவால்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அது பத்மஸ்ரீ.

ஆய்வகத்தில் காயவைத்த மாதிரியை வெளியே வைக்க மாட்டோம். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைப்போம். அதே பழக்கத்தில் சிமிழையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். செருப்பு டப்பாக்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அக்கம்பக்கத்தில் சேகரித்து அதைச் சுற்றிப் போட்டேன். காற்றில் வைத்தால் ஈரம் குடிக்கும் என்று தெரிந்து, பயந்து, டின்னில் பூட்டியவன், ஒருநாள் இதைக் காற்றுக்கு எடுக்கத்தான் போகிறோம், அப்போது என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. இருபது வருஷ அனுபவம்!

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பினோம். நான் லீவு எழுதிக் கொடுத்தது ஒரு வாரத்துக்கு. யார் காய்ச்சலில் படுத்தாலும் எனக்குக் கவலையில்லை. குட்டிக் கம்மல் இரண்டையும் பஞ்சில் சுற்றிச் சிமிழுக்குள் வைத்து அழுத்தி மூடினேன். பெரம்பலூரில் வெயில் காய்ந்தது. அரியலூரில் மேகம் போட்டது. ஜெயங்கொண்டம் தாண்டியதும் தூறல் பிடித்தது. தா.பழூரில் இறங்கியபோது வயல், வாய்க்கால், வானம் எல்லாம் ஒரே தண்ணீர். இரண்டு நாளும் விடவில்லை. துவைத்துப் போட்ட என் வேட்டி காயவே இல்லை. அப்போதாவது எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். நான் சிமிழை டின்னிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று சீர்த்தட்டில், தண்ணீர் தெளித்த வெற்றிலைக் கட்டுக்கும் ஈரத்துணி சுற்றிய மல்லிகைப்பூவுக்கும் நடுவில் வைத்தேன். அந்த ஈரமெல்லாம் ராத்திரி முழுக்க அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் பந்தல் போட்டிருந்தது. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் குத்திவிட வேண்டும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையைத் தங்கை கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மாலையும் கழுத்துமாக நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை என் மீசையைப் பிடித்து இழுத்தது. வசதியாகக் குனிந்து கொடுத்தேன். குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு, "மாமன் கம்மலைக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

சிமிழை எடுத்து, எல்லோருக்கும் 'பொக்' கேட்கட்டும் என்று கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. திருகினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். மடியில் இருந்த பிள்ளைதான் குலுங்கியது. வட்டமாக இருந்த மூடி லேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது, என் கண்ணுக்கே தெரிந்தது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றேன்.

தங்கை வீட்டுக்காரர் வாங்கினார். அவர் கை நெல் மூட்டை தூக்குகிற கை. மூஞ்சி சிவந்ததுதான் மிச்சம். சிமிழ் அங்கிருந்து ஊர்வலம் கிளம்பியது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஒரு தடவை திருகிப் பார்த்து, காதருகே ஆட்டிப் பார்த்து, "உள்ள இருக்குது" என்று சாட்சி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கம்மல் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாதா? ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார். ஒருவர் வெந்நீர் என்றார். பத்தரிடம் குறடு இருந்தது. அவர், "நான் காதுலதாங்க வேலை செய்வேன், கட்டையில செய்யறதில்ல" என்று கும்பிட்டுவிட்டார். போட்டோக்காரர் மட்டும் கடமை தவறாமல், "சார், கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சட்டென்று வழி தோன்றியது. "இங்க யாரு வூட்டுலயாச்சும் மைக்ரோவேவ் இருக்கா? ரெண்டு நிமிஷம் வச்சா சுருங்கிடும்" என்று கத்தினேன்.

"உள்ள தங்கம் இருக்குங்க. அதையும் வெடிக்க வைக்கணுமா?" என்றாள் மனைவி.

தங்கை வீட்டுக்காரர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "மச்சான், ஜீரோ பர்சென்ட்டுன்னீங்களே. எங்க ஊருத் தண்ணியெல்லாம் குடிச்சிருக்குது" என்றார். சிரிக்கத்தான் போகிறார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மணி பத்து இருபது. கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள், "எம் பேத்தி கம்மல் இருக்கு, இப்போதைக்கு அதைப் போட்டுக் குத்திடுங்க, பொறவு மாத்திக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தங்கையின் முகம் சுண்டிவிட்டது.

"அப்பத்தான் எரவல் மடி. இப்ப எரவல் கம்மலா அண்ணே?" என்றாள். அழவில்லை, ஆனால் குரல் உடைந்திருந்தது.

ஐந்து வாரம், பத்து நாள் எடை, ஒரு நோட்டு, உயிரோடு மிஞ்சிய ஒரே கட்டை. எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்தது. பிறகு மடியில் இருந்த மொட்டைத் தலையைப் பார்த்தேன். "ஒடைச்சிடு மாப்ள" என்றேன்.

அவர் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். என் மத்தைக் கடைத்தெருவில் கிழித்துத் தொங்கவிட்ட அதே மனிதர், "இவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க மச்சான், எப்படி ஒடைக்கிறது" என்று நின்றார்.

"குடுங்க இப்படி" என்றாள் என் மனைவி.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். சிமிழைத் தேங்காய் உடைக்கிற கல்லில் நிறுத்தினாள். யாரோ நீட்டிய கொடுவாளின் முனையை மூடியில் ரேகை ஓடுகிற பக்கமாகப் பார்த்து வைத்தாள். இத்தனை மாதம் என் மரத்தோடு குடித்தனம் நடத்தியதில் அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து ஒரே ஒரு போடு. அந்தப் போட்டில் ஐந்து வாரத்து எலுமிச்சம்பழங்களும் அண்ணனிடம் சொன்ன பொய்யும் சேர்ந்து இருந்ததாக எனக்குப் பட்டது.

'டப்.'

"உங்க கிண்ணம் போயிடுச்சுங்க" என்றாள்.

பந்தலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த ஒரு போட்டோவில்தான் நான் ஒழுங்காகச் சிரித்திருக்கிறேன். சிமிழ் நேராக இரண்டாகப் பிளந்திருந்தது. பஞ்சுக்குள் கம்மல் இரண்டும் கீறல்கூட இல்லாமல் கிடந்தன. தங்கை குனிந்து எடுத்துப் பத்தர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு காதைக் குத்தினார். பிள்ளை ஊரையே கூட்டியது. மறு காதையும் குத்தினார். நான் அதன் தலையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். சந்தனமெல்லாம் என் சட்டையில். எனக்கும் கண்ணில் நீர் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. பத்தரைக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

தங்கை பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "விடுண்ணே, கம்மல் உன்னுதுதானே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனாள். சமையல் பந்தலிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. எல்லோரும் எழுந்து போக ஆரம்பித்தார்கள். தங்கை வீட்டுக்காரர் சிமிழின் இரண்டு பாதியையும் பொறுக்கித் துண்டில் துடைத்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

மூத்தவள் எதிரில் வந்து நின்றாள். பட்டுப்பாவாடை, காதில் ஆறு வருஷத்துக்கு முந்தின அந்தக் கம்மல்.

"மாமா, எனக்குத்தான் குத்தியாச்சே" என்றாள்.

"ஆமாடா."

"குத்த வேணாம். சும்மா உக்காந்துக்கறேன்."

நான் மறுபடியும் சம்மணம் போட்டேன். அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, நல்ல கனம். நான் கழற்றிய மாலையை எடுத்து என் கழுத்தில் மறுபடி போட்டாள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த போட்டோக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒண்ணு எடுங்க. ஆல்பத்துக்கு" என்றாள்.

அவர் எடுத்தார். பந்திக்கு மூன்று தடவை கூப்பிட்டார்கள். கால் இரண்டும் விறைத்துப்போய்விட்டன. அவளாக எழுந்திருக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.